கேமராவுக்குப் போகும் நாலு வயர்: சென்சார், சைரன் இணைப்பில் வரும் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது

கதவு திறந்தால் கேமரா பதிவைத் தொடங்க வேண்டும், சைரன் ஊத வேண்டும், போனுக்குச் செய்தி வர வேண்டும். கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. நெட்வொர்க் கேமராவின் வாலில் நெட்வொர்க் சாக்கெட்டும் பவர் பின்னும் போக, நாலு மெல்லிய வயர்களோ ஒரு சின்ன பச்சை டெர்மினலோ இருக்கும். சென்சாருக்கான அலாரம் இன் இரண்டு வயர், சைரனுக்கான அலாரம் அவுட் இரண்டு வயர். இந்த நாலு வயரோடு மல்லுக்கட்டி அரை நாளைத் தொலைத்தவர்கள் ஏராளம். நானும் அதில் ஒருவன்.

இங்கே வரும் தொல்லைகளில் பெரும்பங்கு ஒரே குழப்பத்தில் இருந்து கிளம்புகிறது. வயர் என்றாலே அதில் மின்சாரம் போக வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். அலாரம் இன் மின்சாரத்தை எதிர்பார்ப்பதில்லை. தன் இரண்டு வயரும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா, பிரிந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறது. அலாரம் அவுட்டும் மின்சாரம் தருவதில்லை. சுவரில் இருக்கும் சுவிட்சைப் போல இரண்டு முனைகளைச் சேர்க்கும், பிரிக்கும், அவ்வளவுதான். டிரை கான்டாக்ட் என்று வயரிங் ஆட்கள் சொல்வது இதைத்தான். வோல்டேஜ் ஏற்கும் இன்புட் உள்ள கேமராக்களும் உண்டு. ஆனால் கையேட்டில் அப்படி அச்சிட்டிருந்தால் ஒழிய, 12 வோல்ட்டை அலாரம் இன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கையில் வேண்டியது ஒரு மல்டிமீட்டர், ஒரு சாண் வயர், சின்ன ஸ்க்ரூ டிரைவர்.

எதையும் மாற்றும் முன்

கோளாறு கேமரா பக்கமா, சென்சார் பக்கமா என்று தெரியாமல் மெனுவைக் குடைவது வீண் வேலை. சென்சாரில் இருந்து வரும் வயர்களைக் கேமராவில் கழற்றிவிடுங்கள். அலாரம் இன், அதன் கிரவுண்ட் (அந்த ஜோடியின் மறு வயர்) இரண்டுக்கும் நடுவில் டிசி வோல்டேஜ் பாருங்கள். பெரும்பாலான கேமராக்கள் உள்ளே ஒரு ரெசிஸ்டர் வழியாக இந்த முனையைச் சில வோல்ட்டில் தூக்கி வைத்திருக்கும். 3 அல்லது 5 வோல்ட்டை ஒட்டி ஏதாவது காட்டினால் உயிர் இருக்கிறது என்று பொருள். இப்போது அந்த ஒரு சாண் வயரால் இரண்டையும் தொட வையுங்கள். மீட்டரில் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும், கேமராவின் நிலைப் பக்கத்தில் அலாரம் மாற வேண்டும்.

மாறினால் கேமரா நல்லது. அடுத்து கேபிளைத் திரும்ப மாட்டிவிட்டு, சென்சார் இருக்கும் மறுமுனையில் கழற்றி அங்கே தொட வையுங்கள். அங்கேயும் மாறினால் கேபிளும் நல்லது, ஆகக் குற்றவாளி சென்சார். ஐந்து நிமிடத்தில் மூன்றில் இரண்டு சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வயரின் நிறத்தை நம்பாதீர்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களில்கூட நிறங்கள் மாறி வரும். சில டெர்மினல்களில் அலாரம் முனைக்குப் பக்கத்திலேயே 12 வோல்ட் வெளியே வரும் முனை ஒன்று இருக்கும். அதைக் கிரவுண்டோடு தொட வைத்தால் சோதனை வேறு மாதிரி முடியும். வாலில் ஒட்டியிருக்கும் சிட்டையைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

அறிகுறி: சென்சாரில் விளக்கு மின்னுகிறது, கேமரா கண்டுகொள்ளவே இல்லை

ஒரு சாண் வயர் சோதனையிலேயே கேமரா அசையவில்லை என்றால் முதலில் மெனு. பல கேமராக்களில் அலாரம் இன்புட் பெட்டியிலிருந்து வரும்போதே அணைந்த நிலையில்தான் இருக்கும். அதை இயக்கினால் மட்டும் போதாது. எந்த நேரத்தில் கவனிக்க வேண்டும் என்ற அட்டவணையும், நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற லிங்கேஜ் பட்டியலும் தனித்தனிப் பக்கங்களில் ஒளிந்திருக்கும். மூன்றையும் நிரப்பிவிட்டு, மூன்றிலும் சேவ் அழுத்த வேண்டும். ஒரு பக்கத்தில் அழுத்தாமல் அடுத்த பக்கத்துக்குத் தாவினால் சத்தமில்லாமல் பழையபடி ஆகிவிடும் மெனுக்களைப் பார்த்திருக்கிறேன்.

அட்டவணை போட்டிருந்தால் கேமராவின் கடிகாரத்தையும் பாருங்கள். நேர மண்டலம் தவறாக இருக்கும் கேமரா, இரவு முழுக்கக் காவல் காப்பதாக நினைத்துக்கொண்டு பகலில் காத்துக்கொண்டிருக்கும்.

கேமராவும் கேபிளும் தேறிவிட்டன, சென்சார்தான் இடிக்கிறது என்றால், அதன் மூடியைத் திறந்து டெர்மினலைப் பாருங்கள். ஆள் நடமாட்டத்தைப் பிடிக்கும் பிஐஆர் சென்சாரில் பொதுவாக இரண்டு முனை பவருக்கு, இரண்டோ மூன்றோ அலாரம் ரிலேவுக்கு, இரண்டு டேம்பருக்கு. ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், அதை இயக்கும் கம்பிச் சுருள்தான் காயில். டேம்பர் என்பது யாராவது மூடியைத் திறந்தால் காட்டிக்கொடுக்கும் சின்ன சுவிட்ச். வயரை அதில் முறுக்கிவிட்டால், எத்தனை பேர் குறுக்கே நடந்தாலும் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது, சென்சார் விளக்கு மட்டும் ஒழுங்காக மின்னிக்கொண்டிருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், சோதிக்க மூடியைத் திறந்தவுடன் கேமராவில் அலாரம் வரும். "வேலை செய்கிறதே!" என்று மூடிவிட்டு இறங்கி வருவோம். மறுபடி ஏணி.

விளக்கைப் பற்றி இன்னொன்று. அதை அணைக்க ஒரு ஜம்பர் (போர்டில் மாட்டிக் கழற்றும் சின்ன இணைப்புத் துண்டு) உண்டு. விளக்கு எரியவில்லை என்பதால் சென்சார் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ரிலே முனைகளில் மீட்டரின் பீப் ஒலியை (இரண்டு முனையும் சேர்ந்திருந்தால் ஒலிக்கும்) வைத்துப் பார்ப்பதே உறுதி. அந்த முனைகளில் கேமரா வயர் இல்லாதபோது பாருங்கள், இல்லாவிட்டால் கேமராவின் வோல்டேஜ் மீட்டரைக் குழப்பும்.

அலாரம் பேனலில் இருந்து கழற்றிய பழைய சென்சாரை மாட்டியிருந்தால், வயரின் கடைசியில் ஒரு ரெசிஸ்டர் இருக்கிறதா என்று தேடுங்கள். சில சென்சார்களில் அது உள்ளேயே, ஜம்பரால் தேர்ந்தெடுக்கும்படி இருக்கும். வயரை யாராவது வெட்டினாலோ ஷார்ட் செய்தாலோ பேனல் கண்டுபிடிக்க வைத்த ஏற்பாடு அது. அந்த ரெசிஸ்டரைப் படிக்கத் தெரிந்த கேமராக்கள் குறைவு. மற்றவற்றுக்கு அது முழுத் தொடர்பாகவும் தெரியாது, முழுப் பிரிவாகவும் தெரியாது. கேமரா ஆதரிக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

ரிலே இல்லாமல் டிரான்சிஸ்டர் அவுட்புட் கொடுக்கும் சென்சார்களுக்குத் திசை உண்டு. ஓபன் கலெக்டர் என்று எழுதியிருந்தால் அதன் அவுட்புட் முனை கேமராவின் இன் முனைக்கும், சென்சார் கிரவுண்ட் கேமரா கிரவுண்டுக்கும் போக வேண்டும். கிரவுண்டைச் சேர்க்காமல் ஒற்றை வயரை மட்டும் இழுத்தால் எதுவும் நடக்காது, நடந்தாலும் நம்ப முடியாது.

அறிகுறி: எல்லாம் தலைகீழ், கதவு மூடியிருக்கும்போது அலாரம், திறந்தால் அமைதி

இது கோளாறு என்றுகூடச் சொல்ல முடியாது. என்ஓ, என்சி இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. சும்மா இருக்கும்போது பிரிந்திருந்தால் என்ஓ, சேர்ந்திருந்தால் என்சி. கேமரா மெனுவில் ஒன்றை மாற்றினால் முடிந்தது.

கதவில் வைக்கும் காந்த சுவிட்சில்தான் பெயர்க் குழப்பம் அதிகம். சில நிறுவனங்கள் காந்தம் அருகில் இல்லாத நிலையைச் "சும்மா" என்று கொண்டு பெயர் வைக்கின்றன, சில கதவு மூடியிருக்கும் நிலையைக் கொண்டு வைக்கின்றன. அதனால் என்ஓ என்று அச்சிட்ட சுவிட்ச், கதவு மூடியிருக்கையில் சேர்ந்தே இருக்கலாம். அட்டையில் இருப்பதை விட்டுவிட்டு, காந்தத்தைப் பக்கத்தில் வைத்து மீட்டரில் பீப் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், காவலுக்கு நான் எப்போதும் என்சி பக்கம்தான். வயர் அறுந்தாலும், ஸ்க்ரூ கழன்றாலும், பிஐஆருக்குப் பவர் போனாலும் தொடர்பு பிரிந்து அலாரம் வரும். என்ஓவில் வயரை எலி கடித்துவிட்டுப் போனால் ஒரு வருடம் கழித்துக்கூட நமக்குத் தெரியாது. அழைப்பு மணிப் பொத்தான் போன்றவற்றுக்கு என்ஓ போதும்.

ஒரே இன்புட்டில் பல சென்சார்களைக் கட்டினால் என்சி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக, என்ஓ எல்லாம் பக்கவாட்டில் இணையாக. என்சி சென்சார்களை இணையாகப் போட்டால், எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தால்தான் அலாரம் வரும்! இரண்டு வகையையும் ஒரே இன்புட்டில் கலக்கவே கூடாது.

அறிகுறி: யாருமே இல்லாத நேரத்தில் அலாரம்

எல்லாவற்றையும்விடப் பொறுமையைச் சோதிப்பது இதுதான். எப்போது வருகிறது என்று ஒரு வாரத்துக்குக் குறித்து வையுங்கள். நேரமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

மழையோடு வந்தால், வாலைப் பாருங்கள். நெட்வொர்க் சாக்கெட்டுக்குத் தண்ணீர் புகாத மூடி கொடுப்பார்கள். அலாரம் வயர்கள் மட்டும் பல கேமராக்களில் வெறும் முனையாகத் தொங்கும். நான் முதலில் பொருத்திய வெளிக் கேமரா ஒன்றில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். முதல் மழைக்கு அலாரம். சென்சாரை மாற்றினேன், அப்புறம் கேபிளை மாற்றினேன். மூன்றாவது மழையில்தான் டேப்பைப் பிரித்துப் பார்த்தேன், செம்பு பச்சையாகப் பூத்துக் கிடந்தது. டேப் தண்ணீரை உள்ளே விடாது என்று நினைத்தது என் தப்பு. உள்ளே போன தண்ணீரை அது வெளியேதான் விடாது. ஜெல் நிரப்பிய இணைப்பான்களைப் போட்டு, வாலை மூடிய பெட்டிக்குள் வைத்து, பெட்டிக்குள் நுழையும் கேபிள் முதலில் கீழே வளைந்து பிறகு மேலேறும்படி விட்ட பிறகு அடங்கியது. பயன்படுத்தாத வயர்களையும் ஒவ்வொன்றாகத் தனித்தனியே மூடிவிடுங்கள், சேர்த்து முறுக்க வேண்டாம்.

மோட்டாரோ விளக்கோ போடும் நேரத்தில் வந்தால் அது தூண்டப்பட்ட இரைச்சல். அலாரம் கேபிள் பவர் கேபிளோடு ஒரே குழாயில் நெடுந்தூரம் போயிருக்கும். தனிக் குழாய்க்கு மாற்றுவதே சரியான வழி. முடியாவிட்டால் இன், கிரவுண்ட் இரண்டையும் ஒரே முறுக்கு ஜோடியில் கொண்டுவாருங்கள். நெட்வொர்க் கேபிளை இதற்குப் பயன்படுத்துபவர்கள் ஆரஞ்சு ஒன்று, நீலம் ஒன்று என்று வேறு வேறு ஜோடியில் இருந்து எடுத்து, முறுக்கின் பலனைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கவசக் கேபிள் என்றால் கவசத்தை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள். தூரம் ரொம்ப அதிகமென்றால் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ரிலே வைத்து, நீண்ட கேபிள் அந்த ரிலேவின் காயிலை மட்டும் இயக்கும்படி செய்யலாம். கேமராவின் இன்புட் ஒரு சாண் வயரை மட்டுமே பார்க்கும்.

வெயில் ஏறும் நேரத்தில், அல்லது காற்றடிக்கும் நேரத்தில் வந்தால் பிஐஆரைச் சந்தேகியுங்கள். அது பார்ப்பது வெப்பத்தின் நகர்வை. வெயில் நேரே விழும் சுவர், அசையும் கிளை, ஏசியின் வெளிப்பெட்டி எல்லாமே அதற்கு ஆள்தான். சுற்றுப்புறம் உடல் சூட்டை நெருங்கும் நாட்களில் மாறாக உண்மையான ஆளையே தவறவிடும். பவர் கொடுத்தவுடன் நிலைபெற அரை நிமிடம், ஒரு நிமிடம் எடுத்துக்கொள்வதும் அதன் இயல்பு. மின்வெட்டு முடிந்து பவர் வந்ததும் வரும் ஒற்றை அலாரத்துக்குக் காரணம் இதுதான்.

கதவு காந்தத்தில் வந்தால் இடைவெளி. காற்றில் கதவு லேசாக ஆடினாலே காந்தம் எல்லையைத் தாண்டிவிடும். இரும்புக் கதவு காந்தப் புலத்தை இழுத்துக்கொள்வதால், சாதாரணச் சுவிட்சின் அட்டையில் போட்டிருக்கும் இடைவெளி அங்கே கிடைக்காது. இரும்புக்கென்று வரும் பெரிய காந்த வகையை வாங்குங்கள், அல்லது அடியில் பிளாஸ்டிக் துண்டு வைத்து உயர்த்துங்கள்.

அறிகுறி: அலாரம் பதிவாகிறது, சைரன் ஊதவில்லை

அலாரம் அவுட்டில் மீட்டரை வைத்து, "பூஜ்யம் வோல்ட், அவுட்புட் போய்விட்டது" என்று கேமராவைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அது சுவிட்ச். சுவிட்சில் இருந்து தானாக வோல்டேஜ் வராது. சைரனுக்குத் தனி அடாப்டர் வேண்டும். அடாப்டரின் பிளஸ் நேரே சைரனின் பிளஸுக்கு. சைரனின் மைனஸ் அலாரம் அவுட்டின் ஒரு முனைக்கு. மறு முனை அடாப்டரின் மைனஸுக்கு. கேமரா மெனுவில் அவுட்புட்டைக் கையால் இயக்கும் பொத்தான் இருக்கும், அதை அழுத்தி மீட்டரில் பீப் கேளுங்கள்.

உள்ளே ரிலே இருக்கும் கேமராவில் இரண்டு முனையும் ஒன்றுதான். டிரான்சிஸ்டர் இருக்கும் கேமராவில் திசை உண்டு. மாற்றிப் போட்டால் இயங்காது, அல்லது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வகையில் பீப் சோதனையும் ஏமாற்றும், சின்ன எல்இடி ஒன்றை ரெசிஸ்டரோடு போட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது சுமை. அவுட்புட்டின் தாங்குதிறன் கேமராவுக்குக் கேமரா வேறு. சிலது 24 வோல்ட்டில் 1 ஆம்பியர் தாங்கும், சிலது சில பத்து மில்லி ஆம்பியரோடு நின்றுவிடும். 12 வோல்ட் சைரன் பல நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும். கையேட்டில் பார்க்காமல் நேராக மாட்டினால், ஒரு முறை ஊதும், அதுவே கடைசியாக இருக்கும். நான் தாங்குதிறன் எவ்வளவு இருந்தாலும் நடுவில் ஒரு ரிலே வைத்துவிடுவேன். சர்க்கரைக் கட்டி அளவில் வரும் 12 வோல்ட் ரிலேயின் காயில் சுமார் 400 ஓம், இழுப்பது 30 மில்லி ஆம்பியர்தான். காயிலின் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்று, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். ரிலே விடும் நேரத்தில் காயில் எதிர்த்திசையில் உதைக்கும் வோல்டேஜை அது தின்றுவிடும். டயோடு இல்லாமலும் சில மாதம் ஓடும். பிறகு ஒரு நாள் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி சைரன் நிற்காமல் ஊதும், பெரும்பாலும் விடியற்காலையில்.

மெயின் மின்சார விளக்கையோ மோட்டாரையோ அலாரம் அவுட்டில் நேராக மாட்டவே கூடாது. தகுந்த ரிலேயோ கான்டாக்டரோ வைத்து, அந்தப் பக்கத்தை மின்பணி தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: சைரன் ஊதினால் கேமரா ரீபூட் ஆகிறது, அல்லது ஊதி ஊதி அடங்குகிறது

ஒரே அடாப்டரில் கேமராவும் சைரனும். சைரன் கிளம்பும்போது வோல்டேஜ் சரியும், கேமரா மயங்கும், அவுட்புட் விடும், சைரன் நிற்கும், கேமரா எழும். பிரித்துவிடுங்கள்.

பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே பவர் பெறும்) கேமராக்களில் வேறு விதமாக மாட்டிக்கொள்வார்கள். வாலில் இருக்கும் 12 வோல்ட் பின்னில் இருந்து சென்சாருக்குப் பவர் எடுக்கலாம் என்று தோன்றும். அது பவர் உள்ளே போகும் வழி, பிஓஇயில் ஓடும்போது அதில் ஒன்றும் வெளியே வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் டெர்மினலில் 12 வோல்ட் அவுட் என்று தனி முனை இருந்தாலும் பொதுவாகச் சில பத்து மில்லி ஆம்பியர்தான். ஒரு பிஐஆருக்குச் சரி, சைரனுக்கு இல்லை.

அடாப்டர் தனி, இருந்தும் சைரன் முனகுகிறது என்றால் கணக்குப் போடுங்கள். நெட்வொர்க் கேபிளில் இருக்கும் 24 கேஜ் செம்பு, மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம். 50 மீட்டர் தள்ளி சைரன் இருந்தால் போய்வர 100 மீட்டர், 8.4 ஓம். அரை ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 4 வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடும். அதே கேபிளில் 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் பிஐஆருக்கு இழப்பு 0.2 வோல்ட்கூட இல்லை. ஆகவே சென்சாருக்கு மெல்லிய வயர் போதும், சைரனுக்குத் தடித்த வயர் வேண்டும். இரண்டுக்கும் ஒரே பவர் ஜோடியைப் போட்டால் இன்னொரு கூத்து: சைரன் ஊதும்போது பிஐஆரின் வோல்டேஜ் விழுந்து அதன் என்சி ரிலே பிரியும், அது புது அலாரம், மறுபடி சைரன். தன் வாலைத் தானே துரத்தும் நாய் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும்.

நிற்காத சைரனுக்கு இதே போன்ற இன்னொரு காரணம், சைரனோடு சேர்ந்து சுழன்று மின்னும் விளக்கு. கேமராவின் அசைவுக் கண்டறிதலும் சைரனை இயக்கும்படி வைத்திருந்தால், சுழலும் விளக்கின் வெளிச்சம் படத்தில் அசைவாகத் தெரிந்து மறுபடி இயக்கும். அவுட்புட்டின் நேர அளவையும் பாருங்கள். 5 விநாடி, 30 விநாடி என்று இருக்க வேண்டிய இடத்தில் "கையால் அணைக்கும் வரை" என்று இருந்தால் அது சொன்னபடிதான் செய்கிறது.

அறிகுறி: கேமராவில் தெரிகிறது, என்விஆரிலும் போனிலும் வரவில்லை

என்விஆர் (கேமராக்களின் படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) வேறு நிறுவனத்தது என்றால் ஆன்விஃப் (வெவ்வேறு நிறுவனக் கருவிகள் பேசிக்கொள்ளும் பொது முறை) வழியாகச் சேர்த்திருப்பீர்கள். படம் வருவதை வைத்து எல்லாம் வரும் என்று நினைக்க முடியாது. இன்புட் நிகழ்வைக் கேட்டு வாங்கும் வேலை என்விஆருடையது, அதில் அந்த வசதி இல்லாமல் இருக்கலாம். முதலில் இரண்டிலும் ஃபர்ம்வேரை (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பித்துப் பாருங்கள். வராவிட்டால் சென்சார் வயரை என்விஆரின் பின்புறம் இருக்கும் அலாரம் டெர்மினலுக்கே கொண்டுபோய், அந்த இன்புட்டுக்கு இந்தக் கேமராவைப் பதிவு செய்யச் சொல்வது பலமுறை சுலபமான வழி. ஒரே நிறுவனத்து என்விஆரிலும் அதன் சொந்த இன்புட் ஒரு பட்டியலிலும் கேமராவின் இன்புட் வேறு பட்டியலிலும் இருக்கும். தவறான பட்டியலில் டிக் போட்டுவிட்டுக் காத்திருப்பது சகஜம்.

மெயில் வராவிட்டால் கேமரா இணையத்தை அடையத் தேவையான டிஎன்எஸ், கேட்வே இரண்டையும் பாருங்கள். உள் நெட்வொர்க்கில் படம் பார்க்க இவை தேவையில்லை என்பதால் வெற்றாகவே விட்டிருப்போம். ஜிமெயில் வழியாக அனுப்பினால் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது. 2022 மே மாத இறுதியில் அந்தப் பழைய வழியைக் கூகுள் மூடிவிட்டது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை எடுத்து, போர்ட் 587 அல்லது 465 போட வேண்டும்.

பதிவு இருக்கிறது, ஆனால் ஆள் போன பிறகுதான் தொடங்குகிறது என்றால் அலாரத்துக்கு முந்தைய விநாடிகளையும் சேர்த்துப் பதியும் நேரத்தை 5 விநாடியாவது வையுங்கள். பிஐஆர் வெப்பத்தைப் பார்த்து, ரிலே மாறி, கேமரா முழிப்பதற்குள் வேகமாக நடப்பவர் படத்தின் எல்லையைத் தாண்டியிருப்பார்.

அறிகுறி: படம் நன்றாக வருகிறது, இன்புட் மட்டும் ஒரேயடியாகச் செத்துவிட்டது

வயர் எதுவும் மாட்டாத நிலையில் இன், கிரவுண்ட் நடுவே பூஜ்யம் வோல்ட். ஒரு சாண் வயருக்கும் அசைவில்லை. ஃபேக்டரி ரீசெட் செய்தும் அப்படியே. யாரோ 12 வோல்ட்டைக் காட்டியிருக்கிறார்கள், அல்லது பக்கத்தில் எங்கோ இடி விழுந்து நீண்ட கேபிள் வழியாக அடி வந்திருக்கிறது. போர்டைப் பிரித்துச் சாலிடர் வைக்கத் தெரிந்தவர்கள் முயலலாம். மற்றவர்கள் கேமராவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இரண்டாவது இன்புட் இருந்தால் அதற்கு மாறுங்கள், இல்லாவிட்டால் சென்சாரை என்விஆருக்கோ அலாரம் வயர்களை ஏற்று நெட்வொர்க்கில் மாட்டும் தனி ஐஓ மாட்யூலுக்கோ கொண்டுபோங்கள். மாற்றிய இடத்திலாவது நீண்ட கேபிளுக்கும் இன்புட்டுக்கும் நடுவில் அந்தச் சிறிய ரிலேயை வைத்துவிடுங்கள். அடுத்த அடியைப் பெரும்பாலும் அது வாங்கிக்கொள்ளும், போனாலும் மாற்றச் செலவு குறைவு.